கடற்போரில் ஜெயிப்பது பீரங்கியா, பட்டறையா? சதுரங்கப்பட்டினம் சிறுசேரிக்குச் சொல்லும் பாடம்

சிறுசேரி சிப்காட். மதிய ஷிப்ட். லண்டன் கிளையன்ட்டோடு வீடியோ கால் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று எதிர்முனையில் முகம் அப்படியே உறைகிறது. குரல் ரோபோ மாதிரி இழுக்கிறது. உடனே எல்லோரும் திட்டுவது ஆபீஸ் வைஃபையை. அடுத்து லேப்டாப்பை. அப்புறம் நெட்வொர்க் டீமுக்கு ஒரு டிக்கெட் போகும். ஏமன் பக்கத்துக் கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒரு முறை, 2025 செப்டம்பரில் இன்னொரு முறை, செங்கடலின் அடியில் கிடக்கும் இன்டர்நெட் கேபிள்கள் அறுந்தன. இரண்டு முறையும் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே டேட்டா சுற்றுவழியில் ஓட வேண்டியிருந்தது.

கடல் வலிமை என்றால் நம் ஊரில் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ராஜேந்திர சோழனின் கடாரம் ஸ்டேட்டஸ். இன்னொன்று, விக்ராந்த் கப்பலிலிருந்து விமானம் கிளம்பும் வீடியோ. இரண்டிலும் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் கடலில் போரை முடிவு செய்வது பெரும்பாலும் வேறொரு கேள்வி: யாருடைய பாதை திறந்திருக்கிறது? அது உடைந்தால், யார் சீக்கிரம் சரிசெய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கான பாடம் சிறுசேரியிலிருந்து பைக்கில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரர்கள் வாயில் 'சட்ராஸ்'. அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வீக் எண்டில் போய் போட்டோ எடுப்பவர்கள் உண்டு. அந்தக் கோட்டைக்கு எதிரே உள்ள கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிக்கொண்டது பலருக்குத் தெரியாது.

நிலத்தில் ஹைதர், கடலில் யார்?

கதை இரண்டு வருடம் முன்னால் ஆரம்பிக்கிறது. 1780இல் மைசூரின் ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படைப்பிரிவே நொறுங்கியது. அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் வாங்கிய மிக மோசமான அடிகளில் அது ஒன்று. சென்னைக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமப்புறம் ஹைதரின் குதிரைப்படை கையில்.

அப்படியும் சென்னை ஏன் விழவில்லை? பதில் கடலில் இருக்கிறது. வங்காளத்திலிருந்து ஆளும் பணமும் அரிசியும் கப்பலில் வந்தன. தளபதி அயர்கூட்டே அப்படித்தான் கடல் வழியாக வந்து இறங்கினார்.

1781 தொடக்கத்தில் அந்தப் பாதையும் அடைபடும் நிலை வந்தது. அயர்கூட்டின் படை கடலூர் பக்கம் சிக்கியிருந்தது. நிலத்தில் ஹைதர் வழியை மறித்துவிட்டார், சுற்றுவட்டாரத்தில் உணவு இல்லை. கடலில் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் வந்து நின்றன. ஹைதர் கேட்டது ஒன்றுதான்: கொஞ்ச நாள் அங்கேயே நில்லுங்கள், இவர்கள் பட்டினியில் பணிந்துவிடுவார்கள். தோர்வ் கேட்கவில்லை. பிப்ரவரி நடுவில் மொரீஷியஸ் பக்கம் கிளம்பிவிட்டார். சென்னையிலிருந்து சரக்குக் கப்பல்கள் வந்தன, படை பிழைத்தது. அதே படைதான் ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தது.

நிலத்தில் இவர்களை அழித்துவிடலாம், ஆனால் கடலை வற்றவைக்க முடியாதே என்ற பொருளில் ஹைதர் வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, நிலைமை அதுதான்.

சதுரங்கப்பட்டினத்தில் என்ன நடந்தது?

அடுத்த வருடம் தோர்வ் இறந்துபோக, பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தலைமை ஏற்றார் சஃப்ரன். குண்டான உடம்பு, அழுக்குச் சட்டை, கடும் கோபம் என்றெல்லாம் வரலாற்றில் பதிவான மனிதர். எதிரே ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். அவர் அப்போதுதான் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைப் பிடித்துவிட்டு சென்னை வந்திருந்தார். ஹியூஸிடம் 9 பெரிய போர்க்கப்பல்கள். சஃப்ரனிடம் அதைவிடக் கூடுதல்.

சஃப்ரன் சென்னைக்கு எதிரே வந்து பார்த்தார். ஆங்கிலேயக் கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் நிற்கின்றன. தாக்கினால் லாபமில்லை என்று தெற்கே திரும்பினார். பின்னால் போன ஹியூஸ் முதலில் குறிவைத்தது போர்க்கப்பல்களை அல்ல. படைவீரர்களையும் சாமான்களையும் ஏற்றிவந்த கப்பல்களில் சிலவற்றை மடக்கிப் பிடித்தார். அதன்பிறகுதான் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நேரடி மோதல்.

ஹியூஸின் கப்பல்களில் 'சூப்பர்ப்', 'எக்ஸிடர்' இரண்டும் பலத்த சேதம் அடைந்தன. ஆனால் எந்தப் போர்க்கப்பலும் மூழ்கவில்லை. ஸ்கோர் போர்டு மட்டும் பார்த்தால் டிரா.

உண்மையான ரிசல்ட் அதற்கப்புறம்தான் வந்தது. சேதமான கப்பல்களைச் சரிசெய்ய ஹியூஸ் திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது. ஏனென்றால் சென்னை உட்பட சோழமண்டலக் கரை முழுக்க அன்றைக்கு ஒரு நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும், மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஆரம்பித்தால் பெரிய கப்பல்கள் இந்தக் கரையையே விட்டு ஓட வேண்டும். ஹியூஸ் ரிப்பேருக்குப் போன இடைவெளியில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி ஹைதரோடு சேர்ந்தது. ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்குப் போனது.

சஃப்ரனுக்கோ இந்தக் கரையில் ஒரு பட்டறைகூட இல்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு மாட்டினார், கிடைத்த மரத்தை வைத்து ஒட்டுப்போட்டார். மற்றத் தளபதிகள் போல மொரீஷியஸுக்குத் திரும்பாமல் இங்கேயே சுற்றினார். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையையே பிடித்துவிட்டார். 1782-83இல் இருவரும் ஐந்து முறை மோதினார்கள். ஒரு முறைகூட யாரும் யாரையும் அழித்தொழிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் யார் கடலில் தங்க முடிந்தது, யார் ரிப்பேருக்குப் போனார் என்பதைப் பொறுத்தே கரையில் இருந்த படைகளின் கதி மாறியது. கடைசி மோதலுக்குப் பிறகு 1783 ஜூனில், கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படைதான் கடல் துணை இல்லாமல் தவித்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்து காப்பாற்றியது.

பிற்காலத்தில் கடல் வலிமை பற்றி 1890இல் அமெரிக்கர் ஆல்ஃபிரட் மாஹன் எழுதிய புத்தகம் உலகக் கடற்படைகளுக்கெல்லாம் பாடநூல் ஆனது. அதில் சஃப்ரனின் இந்த வங்கக்கடல் கதைக்கு நல்ல இடம் உண்டு. நம் கரையில் நடந்ததை உலகம் படித்தது. நாம்தான் பாதி மறந்துவிட்டோம்.

எம்டன் எதைத் தேடிப் போனது?

சென்னைக்காரர்கள் மறக்காத ஒரு பெயர் இருக்கிறது. கில்லாடி ஆளைப் பார்த்தால் "அவன் ஒரு எம்டன்பா" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கொஞ்ச நேரத்தில் கப்பல் மாயமானது. உயிர்ச்சேதம் குறைவுதான். ஆனால் பயத்தில் ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். வங்கக்கடலில் வணிகக் கப்பல் போக்குவரத்தே தடுமாறியது. ஒரே ஒரு கப்பல், குறிவைத்தது எண்ணெயையும் வணிகப் பாதையையும்.

எம்டனின் முடிவு எங்கே என்பது இன்னும் சுவாரஸ்யம். 1914 நவம்பர் 9 அன்று அது கோகோஸ் தீவுகளுக்குப் போனது. எதற்கு? அங்கிருந்த தந்தி கேபிள் நிலையத்தை உடைக்க. அன்றைய இன்டர்நெட் அதுதான். கரையில் இறங்கிய ஜெர்மன் வீரர்கள் கேபிளை வெட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே நிலைய ஊழியர்கள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று செய்தி தட்டிவிட்டார்கள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' வந்து எம்டனின் கதையை முடித்தது.

பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. போர் தொடங்கிய உடனேயே, 1914 ஆகஸ்ட் 5 அன்று, ஒரு கேபிள் கப்பலை அனுப்பி ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கடலடித் தந்தி கேபிள்களை வெட்டியது. ஜெர்மனியின் செய்திகள் அதன்பிறகு பிரிட்டன் ஒட்டுக்கேட்கக்கூடிய வழிகளில் போக வேண்டியதாயிற்று. கேபிளைப் போரில் குறிவைப்பது ஏதோ புது டெக்னிக் என்று நினைப்பவர்களுக்கு: 110 வருடத்துக்கு மேலான பழைய டெக்னிக்.

1971: விரிசல் விட்ட பாய்லர்

பழைய விக்ராந்த் கப்பலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1971 போருக்கு முன் அதன் பாய்லரில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. துறைமுகத்திலேயே நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. கடற்படைப் பொறியாளர்கள் இருக்கும் நிலையிலேயே ஓட்டுவதற்கு வழி கண்டார்கள். டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகப் பகுதிகளைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படைக்குக் கடல் வழியாக உதவியும் வரவில்லை, தப்பிக்கவும் வழியில்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். நிலத்தில் நடந்த போரின் பங்குதான் இதில் பெரியது. ஆனால் பின்வாசலைப் பூட்டியது கடற்படை.

செங்கடலில் யாருக்கு என்ன போனது?

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். அவர்களிடம் பெரிய கடற்படை கிடையாது. டிரோன், ஏவுகணை, சின்னப் படகுகள், அவ்ளோதான். ஆனால் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாய் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. பயண நாள் கூடியது, சரக்குக் கட்டணம் எகிறியது. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்புகிறவர்கள் முதல் எல்லோரும் அந்த பில்லில் பங்கு கட்டினார்கள்.

உயிரும் போனது. 2024 மார்ச் 6 அன்று 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பல் தாக்கப்பட்டதில் மாலுமிகள் மூன்று பேர் இறந்தார்கள். மீதி 21 பேரை மீட்டது இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா. அதற்கு இரண்டு மாதம் முன்பு, சோமாலியாவுக்கு அப்பால் கடற்கொள்ளையர் ஏறிய 'லீலா நார்ஃபோக்' கப்பலில் இருந்த 21 பேரை, அதில் 15 இந்தியர்களை, பத்திரமாக மீட்டது நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஐஎன்எஸ் சென்னை. மாலுமி வேலைக்குப் போன பிள்ளை பத்திரமா என்று தூங்காமல் இருக்கும் வீடுகளுக்கு, கடற்படை எதற்கு என்ற கேள்விக்கான பதில் இதைவிடத் தெளிவாக வேண்டியதில்லை.

அதே பிப்ரவரியில்தான் கேபிள் விஷயமும் நடந்தது. ஏவுகணை பட்ட 'ரூபிமார்' கப்பலை மாலுமிகள் நங்கூரம் போட்டுவிட்டுக் கைவிட்டார்கள். கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்தது. அந்த நங்கூரம்தான் மூன்று கேபிள்களை அறுத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் கணிப்பு. போர் நடக்கிற கடலுக்குள் ரிப்பேர் கப்பல் போக அனுமதி, காப்பீடு, பாதுகாப்பு எல்லாம் தேவை. வேலை மாதக்கணக்கில் இழுத்தது.

2025 செப்டம்பர் 6 அன்று சவுதியின் ஜெட்டா பக்கத்தில் மீண்டும் கேபிள்கள் அறுந்தன. இந்த முறை பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று, மும்பையையும் சென்னையையும் தொட்டுச் செல்லும் 'சீ-மீ-வீ 4'. தங்கள் கிளவுட் சேவையில் தாமதம் இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதில் போர்ச்செயல் எதுவும் உறுதியாகவில்லை. ஏதோ ஒரு வணிகக் கப்பலின் நங்கூரமாக இருக்கலாம் என்றுதான் நிபுணர்கள் சொன்னார்கள். சிக்கலே அதுதான். விபத்தா, சதியா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்.

பின்லாந்துக்கு இது நன்றாகத் தெரியும். 2024 டிசம்பர் 25 அன்று 'ஈகிள் எஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் பால்டிக் கடலில் நங்கூரத்தை இழுத்துச் சென்று மின் கேபிளையும் தகவல் கேபிள்களையும் சேதப்படுத்தியதாக வழக்கு போட்டார்கள். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், இதை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பில்லை என்று தள்ளுபடி செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டினால் ஒரு நாட்டின் சட்டக் கை சட்டென்று குட்டையாகிவிடும்.

சரி, நம்ம கடலில் நிலைமை என்ன?

கண்டங்களுக்கு இடையிலான டேட்டாவில் 95 சதவீதத்துக்கும் மேல் போவது கடலடி கேபிளில்தான். சேட்டிலைட்டின் பங்கு மிகச் சிறியது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் தடிமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் அளவுதான். உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலையும் நங்கூரமும்.

இந்தியாவில் கேபிள்கள் கரையேறும் ஊர்கள் ஐந்தே ஐந்து: மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் எண்ணியபோது மொத்தம் 17 சர்வதேசக் கேபிள்கள். மும்பையில் பல கேபிள்கள் வெர்சோவா கரையோரம் நெருக்கி நெருக்கி வந்து ஏறுகின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போட்ட 'ஐ2ஐ' தொடங்கி, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட அந்தமான் கேபிள் வரை கிழக்குப் பக்கம் நல்ல பலம் உண்டு. செங்கடல் அறுந்தபோதும் நாடு முடங்காமல் போனதற்குக் கிழக்குப் பாதையும் ஒரு காரணம். சிறுசேரியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் டேட்டா சென்டர்கள் முளைப்பதும் இந்தக் கரையை நம்பித்தான்.

ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. அறுந்தால் யார் ஒட்டுவது?

கேபிள் ரிப்பேருக்கு என்று தனிக் கப்பல் வேண்டும். கடலடியிலிருந்து கேபிளைத் தூக்கி, தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஒட்டி, மறுபடி இறக்கும் கப்பல். இந்தியக் கொடி பறக்கும் அப்படிப்பட்ட கப்பல் நம்மிடம் இல்லை என்பதையும், வெளிநாட்டுக் கப்பல் வந்து வேலை தொடங்கப் பல அனுமதிகள் வாங்க வேண்டியிருப்பதையும் டிராய் அந்தப் பரிந்துரையிலேயே சுட்டிக்காட்டியது. சாதாரண நாளில் இது தாமதம். போர் நாளில்? அந்த வெளிநாட்டுக் கப்பல் முதலில் தன் நாட்டு வேலையைத்தான் பார்க்கும். காப்பீடு கிடைக்காமல் வராமலே போகலாம். சதுரங்கப்பட்டினத்தில் சண்டை போட்டுவிட்டு ரிப்பேருக்கு இன்னொரு கரைக்குப் போன ஹியூஸின் நிலைமையை விடவும் மோசம் இது. அவருக்குத் திருகோணமலையாவது கையில் இருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், சொந்த ரிப்பேர் கப்பல்கள். கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று, உதிரி கேபிள் கிடங்கோடு. லாபம் பார்த்து ஒரு தனியார் நிறுவனம் இதில் இறங்கத் தயங்கும். தீயணைப்பு வண்டிக்கு யாரும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லையே. ஒரு போர்க்கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

இரண்டாவது, அனுமதிகளைச் சுருக்குவது. கேபிள் அறுந்த பிறகு ஃபைல் நகரக் கூடாது. ஒப்புதல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கேபிள்களையும் கரையேறும் நிலையங்களையும் அத்தியாவசியக் கட்டமைப்பாக நடத்த வேண்டும் என்று டிராய் சொன்னதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, பாதைகளைப் பிரிப்பது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக் கூடாது என்பது மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். புதிய கேபிள்கள் புதிய ஊர்களில் கரையேற வேண்டும்.

நான்காவது, மீனவர்கள். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இந்தக் கடலைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவலில் மீனவர்களைக் கண்ணும் காதுமாகச் சேர்த்துக்கொண்டது அரசு. கேபிள் விஷயத்திலும் அதே மரியாதை வேண்டும். 'இங்கே வலை போடாதே' என்று போர்டு மட்டும் வைத்தால் அது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது. கேபிள் எங்கே போகிறது என்று தெளிவாகச் சொல்லி, வலை மாட்டினால் அறுத்துவிடுவதற்கு நஷ்ட ஈடு கொடுத்து, சந்தேகமான கப்பலைச் சொல்ல ஒரு எண்ணும் கொடுத்தால் அவர்களே முதல் காவல்.

இதனால் போர்க்கப்பல் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஐஎன்எஸ் சென்னை மாதிரிக் கப்பல் பக்கத்தில் நிற்காவிட்டால் ஆபத்தான கடலில் ரிப்பேர் கப்பல் வேலையே செய்ய முடியாது. ஆனால் பாதையைக் காக்க ஒரு கப்பல் வைத்துக்கொண்டு, பாதையைச் சரிசெய்ய ஒன்றுகூட இல்லாமல் இருப்பது பாதிக் கிணறு தாண்டிய கதை.

புதிய போர்க்கப்பல் கடலில் இறங்கினால் டிவியில் லைவ் வரும். ரிப்பேர் கப்பலுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்காது. அதனால்தான் அது எப்போதும் பட்ஜெட்டில் அடுத்த வருடத்துக்குப் போகிறது. அடுத்த முறை சிறுசேரியில் லண்டன் கால் உறைந்து நிற்கும்போது, நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடலாம், தப்பில்லை. அதே கேள்வியை டெல்லிக்கும் போட வேண்டும்: அறுந்ததை ஒட்ட நம்மிடம் ஒரு கப்பல் எப்போது வரும்?